52 சீட்டும் நாலுபுரிக் கயிறும்: நார்ஸ் அட்டை நெசவில் உங்கள் முதல் பட்டை

1904-இல் நார்வேயின் தொன்ஸ்பெர்க் ஊருக்கு அருகே, ஒசபெர்க் என்ற பண்ணையில் ஒரு மண்மேட்டைத் தோண்டினார்கள். உள்ளே ஒரு முழுக் கப்பல். அதில் இரண்டு பெண்களின் எலும்புகள், ஒரு வண்டி, பனிச்சறுக்கு வண்டிகள், கட்டில்கள், சமையல் சாமான்கள், துணிகள். கூடவே, மூலைகளில் துளையிட்ட மெல்லிய சதுர அட்டைகள் 52. துளைகளில் பாவு நூல், அதாவது நெசவில் நீளவாக்கில் ஓடும் நூல், கோத்தபடியே இருந்தது. யாரோ ஒரு பட்டையை நெய்துகொண்டிருந்தபோது பாதியில் அப்படியே வைத்துவிட்டார்கள். கல்லறை அறைக்கு வெட்டிய மரங்களின் ஆண்டு வளையங்களை வைத்து அந்த அடக்கம் 834-இல் நடந்தது என்று கணித்திருக்கிறார்கள்.

நம் வீட்டுச் சீட்டுக்கட்டிலும் ஜோக்கரை எடுத்துவிட்டால் 52 தான். தற்செயல்தான், ஆனால் வசதியான தற்செயல். இந்த நெசவைக் கற்க ஆரம்பிப்பவருக்குப் பழைய சீட்டுக்கட்டைவிட நல்ல கருவி கிடையாது. ஒரு கட்டு வாங்கினால் ஒசபெர்க் பெண்களிடம் இருந்த அளவுக்கு உங்களிடமும் அட்டை இருக்கும்.

இதை ஐஸ்லாந்தில் ஸ்ப்யால்ட்வெஃப்நாடுர் என்பார்கள், நார்வேயில் பிரிக்கவெவ். ஸ்ப்யால்ட் என்றால் அட்டை, அதனால் அட்டை நெசவு என்றே சொல்லலாம். இதைக் கண்டுபிடித்தவர்கள் ஒசபெர்க் காலத்து ஸ்காண்டிநேவியர்களான வைக்கிங்குகள் அல்ல. ஜெர்மனியின் ஹோக்டார்ஃபில், வைக்கிங்குகளுக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் முந்திய ஒரு கெல்டியத் தலைவனின் கல்லறையிலேயே அட்டையில் நெய்த ஓரங்கள் கிடைத்திருக்கின்றன. பர்மாவில் ஓலைச்சுவடிகளைக் கட்டுவதற்கு எழுத்துகளை உள்ளேயே நெய்து செய்த சாசிஜோ நாடாக்களும் இதே முறைதான். வடவர், அதாவது பழைய ஸ்காண்டிநேவியர்களான நார்ஸ் மக்கள், இதை எங்கெல்லாம் பயன்படுத்தினார்கள் என்பதை பின்னால் சொல்கிறேன். முதலில் கைக்கு வேலை.

முறுக்கு, முறுக்கு, முறுக்கு

சாதாரணத் தறியில் பாவு நூல்களைத் தூக்கும் கண்ணிகளான விழுது ஏறி இறங்கும், பாவு இரண்டாகப் பிரியும், நடுவில் குறுக்கு நூலான ஊடை போகும். அட்டை நெசவில் விழுது கிடையாது, அச்சு கிடையாது. ஒவ்வொரு அட்டையின் நான்கு துளைகளிலும் ஒவ்வொரு நூல். அட்டை செங்குத்தாக நிற்கும்போது இரண்டு நூல் மேலே, இரண்டு கீழே. நடுவில் ஒரு வாய் திறந்திருக்கும், ஊடை அதில் போகும். அட்டையைக் கால் சுற்று சுழற்றினால் மேலே இருந்த ஒரு நூல் கீழே இறங்கும், கீழே இருந்த ஒன்று மேலே ஏறும். மறுபடி வாய் திறக்கும், மறுபடி ஊடை.

ஆனால் சுழற்றும்போது இன்னொன்றும் நடக்கிறது. நான்கு நூலும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொள்கின்றன. அதாவது ஒவ்வொரு அட்டையும் ஒரு நாலுபுரிக் கயிறு திரிக்கிறது. அந்தக் கயிறுகளைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துவைப்பதுதான் ஊடையின் வேலை. 12 அட்டை என்றால் 12 கயிறு. பட்டை உறுதியாக இருப்பதும், கோலம் வருவதும், நெய்யும்போது வரும் தொல்லைகளில் பெரும்பாலானவையும் இந்த முறுக்கினால்தான். புதிதாகத் தொடங்குபவர்கள் நேராகக் கோல வரைபடத்துக்குப் போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். வரைபடத்தைப் பார்த்தேன், நூலைப் பார்க்கவில்லை. மூன்று பட்டை பாழானது. அதனால் இந்தக் கட்டுரையில் முதல் பட்டைக்கு வரைபடமே கிடையாது.

சாமான்கள்

12 சீட்டு. அகலத்துக்குச் சமமாகச் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள், ஏறக்குறைய 6 செ.மீ. வரும். வெட்டிய மூலைகளைக் கத்தரியால் கொஞ்சம் உருட்டிவிடுங்கள், இல்லையென்றால் பக்கத்து நூலில் மாட்டி இழுக்கும். நான்கு மூலையிலும், இரு ஓரத்திலிருந்தும் 1 செ.மீ. உள்ளே தள்ளி, அலுவலகத்தில் காகிதத்துக்குத் துளை போடும் பஞ்சிங் மெஷினால் துளையிடுங்கள். முதல் சீட்டை அச்சாக வைத்து மற்றவற்றைக் குத்தினால் எல்லாம் ஒரே இடத்தில் விழும். துளைகளுக்குச் சுற்றுவரிசையில் அ, ஆ, இ, ஈ என்று பேனாவால் எழுதுங்கள். சீட்டுக்கு 1 முதல் 12 வரை எண்.

நூல் விஷயத்தில் ஒரு பிடிவாதம் வேண்டும். அந்தக் காலத்தில் கம்பளி, லினன், பணக்காரர்களுக்குப் பட்டு. அதைப் பார்த்துவிட்டுத் தொடக்கத்திலேயே கம்பளி வாங்காதீர்கள். கடையில் கிடைக்கும் ஸ்வெட்டர் கம்பளி ரோமம் நீட்டிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டும், வாய் திறக்காது, இழுத்தால் நீளும். பளபளப்பான பருத்திக் குரோஷா நூல் எடுங்கள். வழவழப்பாக நழுவும், அறுகாது, தவறு செய்தால் தெளிவாகக் காட்டும். கருநீலமும் வெள்ளையும் போல நன்றாகப் பிரிந்து தெரிகிற இரண்டு நிறம். ஒவ்வொன்றிலும் 60, 70 மீட்டர் போதும், ஊடைக்கும் சேர்த்து. ஒவ்வொரு நிறத்தையும் இரண்டு கண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு மர ஸ்கேல், ஊடை சுற்ற ஒரு துண்டு கெட்டி அட்டை, இடுப்பில் கட்ட ஒரு துண்டு. சேர்த்துக்கட்ட ஒரு ரப்பர் பேண்ட். அவ்வளவுதான்.

பாவு போடுதல்

இரண்டு நாற்காலிகளை, கால்களுக்கு நடுவே 1 மீட்டர் இடைவெளி வருமாறு வையுங்கள். கனமான நாற்காலியாக இருக்கட்டும், அல்லது யாரையாவது உட்கார வையுங்கள். 12 சீட்டையும் எழுத்துப் பக்கம் மேலே தெரிய, அ-மேல்-அ வருமாறு அடுக்குங்கள். கட்டு முழுவதையும் ஊடுருவி அ, ஆ துளைகளில் கருநீல நூல்களையும், இ, ஈ துளைகளில் வெள்ளை நூல்களையும் கோத்து, நான்கு முனைகளையும் சேர்த்து முதல் நாற்காலிக் காலில் கட்டுங்கள்.

இனி சீட்டுக்கட்டைக் கையில் பிடித்தபடி இரண்டு கால்களையும் சுற்றி வர வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு சீட்டு. முடிச்சுப் பக்கம் இருக்கும் சீட்டை, எப்போதும் ஒரே இடத்தில், ஒவ்வொன்றாகக் கழற்றி விட்டுக்கொண்டே போங்கள். 12 சுற்றில் 12 சீட்டும் நூலில் வரிசையாகத் தொங்கும். சுற்றுக்கு 2 மீட்டர், அதாவது உங்கள் பாவு 2 மீட்டர். அவசரம் வேண்டாம். ஒரு சுற்று இறுகலாகவும் அடுத்தது தொளதொளவென்றும் போனால் பிறகு எந்த வித்தையாலும் சரிசெய்ய முடியாது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். இது அனுபவத்தில் சொல்வது.

முடிந்ததும் சீட்டுகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போடுங்கள். தொடங்கிய காலுக்குப் பக்கத்தில் பாவை இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு நடுவில் வெட்டுங்கள். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். மறுமுனையை முடிச்சுப்போட்டு, இடுப்பில் கட்டிய துண்டோடு சேருங்கள். பாவு எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதை இனி உங்கள் உடம்பே தீர்மானிக்கும். பின்னால் சாய்ந்தால் இறுகும், முன்னால் வந்தால் தளரும். ஒசபெர்க்கில் இதற்கு இரண்டு நிலைக்கால்கள் கொண்ட சட்டம் இருந்தது. நமக்கு ஜன்னல் போதும்.

புரட்டுவதும் சுழற்றுவதும்

இந்த இரண்டு வினைச்சொற்களையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சுழற்றுவது என்றால் அட்டையைச் சக்கரம் போல உருட்டுவது. முன்னோக்கி என்றால் அட்டையின் மேல் விளிம்பு உங்களைவிட்டு விலகிப் போக வேண்டும். பின்னோக்கி என்றால் உங்களை நோக்கி வர வேண்டும். புரட்டுவது வேறு. புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புவதுபோல, இடப்பக்கம் பார்த்த முகத்தை வலப்பக்கம் பார்க்க வைப்பது.

மேலிருந்து பாருங்கள். எல்லா அட்டையும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். நூல் அட்டையின் ஒரு முகத்தில் நுழைந்து மறுமுகத்தில் வெளியேறுவதால் வரும் சாய்வு இது. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்க நீங்கள் சுழற்றிக்கொண்டே போனால் எல்லாக் கயிறும் ஒரே திசையில் முறுகும். நெய்து முடித்து வெட்டியதும் பட்டை திருகு மாதிரி சுருண்டுகொள்ளும். அதனால் கருநீல நூல்கள் இரண்டும் மேலே இருக்கும்படி எல்லா அட்டையையும் நிறுத்திவிட்டு, ஒன்று விட்டு ஒன்றாக 2, 4, 6 என்று புரட்டுங்கள். இப்போது பக்கத்து அட்டைகள் எதிரெதிராகச் சாயும். ஒன்றின் முறுக்கை அடுத்தது சரிக்கட்டும். பட்டை சமமாகப் படுக்கும்.

நீல நூல் மேலே இருக்கும்போதுதான் புரட்ட வேண்டும் என்பதில் கவனம். புரட்டும்போது முன்துளையும் பின்துளையும் இடம் மாறும். மேலே இருக்கும் இரண்டும் ஒரே நிறமாக இருந்தால் அந்த இடமாற்றம் பட்டையில் தெரியாது.

நெய்தல்

ஊடைக்குக் கருநீலம். முதல் ஊடையை வாயில் செலுத்தி ஒரு 10 செ.மீ. வெளியே விடுங்கள். எல்லா அட்டையையும் ஒரே கட்டாகப் பிடித்து முன்னோக்கிக் கால் சுற்று. ஸ்கேலைப் புது வாயில் நுழைத்து உங்களை நோக்கித் தட்டுங்கள். ஊடையைச் செலுத்துங்கள், ஆனால் உடனே முழுதாக இழுக்க வேண்டாம். ஓரத்தில் ஒரு சின்னக் கண்ணி நிற்கட்டும். மறுபடி கால் சுற்று, தட்டு, இப்போது அந்தக் கண்ணியை இழுத்துச் சேர்த்துவிட்டு அடுத்த ஊடை. கண்ணி விட்டு இழுப்பதால்தான் ஓரம் நேராக வரும்.

முதல் நாலைந்து செ.மீ. அகலமாகவும் அசிங்கமாகவும்தான் இருக்கும். பாவு அங்கே முடிச்சிலிருந்து விரிந்து வருகிறது, அப்படித்தான் வரும். அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பிறகு இரண்டு வரிசை நீலம், இரண்டு வரிசை வெள்ளை என்று குறுக்குக் கோடுகள் எழும். நாலு கால் சுற்றுக்கு ஒருமுறை நீலம் மேலே திரும்பி வரும். எழுந்து போக வேண்டுமென்றால் அந்த நிலையில் நிறுத்தி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டுப் போங்கள். வேறு நிலையில் விட்டுவிட்டுப் போனால் திரும்பி வந்து எந்தச் சுற்றில் இருந்தோம் என்று தலையைச் சொறிய வேண்டும்.

அகலத்தை அடிக்கடி ஸ்கேல் வைத்துப் பாருங்கள். இந்த நூலுக்கும் 12 அட்டைக்கும் ஒன்றரை செ.மீ. ஒட்டி வரும். எவ்வளவு என்பது முக்கியமில்லை, மாறாமல் இருப்பதுதான் முக்கியம். என் முதல் பட்டை தொடங்கிய இடத்தில் ஒரு விரல் அகலம், நடுவில் அரை விரல், முடிவில் மறுபடி ஒரு விரல். உடுக்கை போல. ஊடையை ஆத்திரத்தோடு இழுத்ததன் பலன். பக்கத்துப் பாவு நூல்கள் நெருங்கி ஊடையை மறைக்கும் அளவுக்கு இழுத்தால் போதும். நடுவில் ஊடை புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் இழுப்பு போதவில்லை. ஓரத்தைத் தவிர வேறெங்கும் ஊடை கண்ணில் படக் கூடாது.

ஒரு இருபது செ.மீ. நெய்ததும் எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். அட்டைகளுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நூல்கள் கயிறாகத் திரிந்து கிடக்கும். இந்தப் பக்கம் எத்தனை முறுக்கோ அந்தப் பக்கமும் அத்தனை முறுக்கு, எதிர்த் திசையில். போகப் போக வாய் திறக்க மறுக்கும். இரண்டு வழி உண்டு. ஒன்று, ஜன்னல் முனையை அவிழ்த்து ஒவ்வொரு அட்டையின் நூல்களையும் பிரித்துவிட்டு மறுபடி கட்டுவது. மற்றது, எத்தனை முறை முன்னோக்கிச் சுழற்றினீர்களோ அத்தனை முறை பின்னோக்கிச் சுழற்றி நெய்வது. இரண்டாவது சுலபம். திசை மாறும் வரிசையில் நூல்கள் கொஞ்சம் நீளமாகத் தாவி நிற்கும், அது பிழையல்ல. பட்டையின் இழைச் சாய்வு அந்த இடத்தில் திரும்புவதைக் கண்ணால் பார்க்கலாம்.

பிழை என்றால் வேறு மாதிரி இருக்கும். ஏதாவது ஒரு கயிற்றில் மட்டும் நிறம் தப்பி வரும், அல்லது ஒரு நூல் மூன்று நான்கு வரிசை தாண்டி மிதக்கும். ஒரு அட்டை கூட்டத்தோடு சுழலவில்லை, அல்லது இரண்டு முறை சுழன்றுவிட்டது. அப்போது ஊடையை எடுத்துவிட்டு எதிர்த் திசையில் சுழற்றி, அடுத்த ஊடையை எடுத்து, இப்படியே பிழை வரை பின்னால் போங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் முறுக்கைக் கண்ணால் படிக்கக் கற்றுக்கொள்வது இந்த வேலையில்தான்.

அதே பாவில் கோலம்

20, 30 செ.மீ. கோடு நெய்தாகிவிட்டதா? சரி, இப்போது நூலை மாற்றாமல் கோலத்தை மாற்றலாம். நீலம் மேலே வரும்படி நிறுத்துங்கள். இடப்பக்க ஆறு அட்டையும் ஒரு பக்கம் சாய, வலப்பக்க ஆறும் எதிர்ப்பக்கம் சாயும்படி புரட்டி மாற்றுங்கள். பிறகு 1-ஆம் அட்டையை அப்படியே விடுங்கள். 2-ஐ முன்னோக்கிக் கால் சுற்று, 3-ஐ அரைச் சுற்று, 4-ஐ முக்கால் சுற்று. 5 மறுபடி அப்படியே, 6 கால் சுற்று. வலப்பக்கம் கண்ணாடிப் பிம்பம் போல 7 கால் சுற்று, 8 அப்படியே, 9 முக்கால், 10 அரை, 11 கால், 12 அப்படியே.

இனி எல்லாவற்றையும் ஒன்றாக முன்னோக்கிச் சுழற்றி நெய்யுங்கள். கோடுகள் சரிந்து நடுவில் சந்தித்து அம்புமுனைகளாக நிற்கும். எட்டுக் கால் சுற்று முன்னோக்கி, எட்டுக் கால் சுற்று பின்னோக்கி என்று மாற்றினால் அம்புகள் எதிரெதிராகத் திரும்பி வைரக் கட்டங்கள் வரும். சரிவின் ஓரம் வழவழப்பாக ஓடினால் சாய்வு சரி. படிக்கட்டு போல வெட்டி வெட்டி வந்தால், எல்லாவற்றையும் மறுபடி நீலம் மேலே கொண்டுவந்து, 12 அட்டையையும் புரட்டிவிட்டு, அதே கணக்கில் மறுபடி நகர்த்துங்கள். இரண்டையும் ஒருமுறை நெய்து பாருங்கள். சாய்வு ஏன் முக்கியம் என்பது அந்த நாலு செ.மீ.யில் புரிந்துவிடும்.

வடவர் இதை வைத்து என்ன செய்தார்கள்

உடுப்பின் ஓரங்களில் தைத்தார்கள், கச்சையாகக் கட்டினார்கள். ஆனால் எனக்குப் பிடித்த பயன்பாடு வேறு. அவர்களுடைய பெரிய தறி நிமிர்ந்து சுவரில் சாய்ந்து நிற்கும், பாவின் கீழ்முனைகளில் கல் அல்லது சுட்ட மண் குண்டுகள் தொங்கும். அந்தத் தறிக்குப் பாவு எங்கிருந்து வரும்? முதலில் அட்டையில் ஒரு பட்டை நெய்வார்கள். நெய்யும்போது ஊடையை ஒரு பக்கம் மட்டும் மிக நீளமாக, ஆள் உயரத்துக்குக் கூட, இழுத்து விடுவார்கள். முடிந்ததும் அந்தப் பட்டையைத் தறியின் மேல்மரத்தில் தைத்துத் தொங்கவிட்டால், பட்டையின் ஊடை முழுத் துணிக்கும் பாவாகிவிடும். துணியின் தலைப்புக்கு உறுதியான ஓரமும் ஆச்சு, பாவு நூல்கள் வரிசை மாறாமல் இடைவெளி சமமாகவும் ஆச்சு.

பணக்காரப் பக்கம் பார்க்க வேண்டுமென்றால் ஸ்வீடனில் வைக்கிங் கால வணிக ஊரான பீர்க்கா. யால்மர் ஸ்டோல்ப்பே அங்கே 1870-கள் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டினார். அந்தத் துணிகளை ஆராய்ந்து ஆக்னெஸ் கெய்யெர் 1938-இல் வெளியிட்டார். பட்டுப் பாவு, மேலே வெள்ளியிலும் பொன்னிலும் கூடுதல் ஊடை. நம் ஊர் ஜரிகை வேலையின் தத்துவமேதான், விரல் அகலத்தில். டென்மார்க்கின் மாமென் கல்லறையிலும் இப்படிப் பட்டும் பொன்னும் சேர்ந்த பட்டைகள் இருந்தன. பழைய நார்ஸ் கவிதை ஒன்றில் அட்டைகளால் நெய்து பொன்னை அழகாக்கும் ஹூணப் பெண்கள் வருகிறார்கள். அந்தப் பெருமை அன்றே இருந்திருக்கிறது. பின்னாளில் ஐரோப்பாவின் பெரும்பகுதி இதை மறந்துபோக, ஐஸ்லாந்தின் நெசவைத் தேடிப்போன மார்கரேத்த லேமன்-ஃபில்ஹேஸ் 1901-இல் பெர்லினில் இதைப் பற்றி எழுதிய பிறகுதான் கைவினைஞர்கள் மறுபடி எடுத்தார்கள்.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே. வைக்கிங் கோலம் என்று விற்கப்படும் வரைபடங்கள் எல்லாம் வைக்கிங் கல்லறையிலிருந்து வந்தவை அல்ல. ஆட்டுக்கொம்பு என்று ஒரு கோலம் மிகப் பிரபலம், மிக அழகும்கூட. ஆனால் அது வைக்கிங் காலக் கண்டெடுப்புகளில் உள்ளதல்ல. நெய்யுங்கள், தாராளமாக. பெயரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.

வரைபடத்தை எப்போது எடுப்பது

இந்த முதல் பாவு முடிந்த பிறகு. வரைபடத்தில் ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு அட்டை, நான்கு கட்டமும் நான்கு துளை, கீழே ஒரு சாய்கோடு அதன் சாய்வைக் காட்டும். இங்கேதான் குழி. சிலர் துளைகளுக்கு வலஞ்சுழியாகப் பெயரிடுவார்கள், சிலர் இடஞ்சுழியாக. சிலருடைய சாய்கோடு அட்டையின் சாய்வு, சிலருடையது நூலின் சாய்வு, இரண்டும் நேரெதிர். வரைபடத்தோடு வரும் குறிப்பை முதலில் படியுங்கள். குறிப்பே இல்லாத வரைபடம் என்றால், நாலு செ.மீ. நெய்து ஓரம் படிக்கட்டாக வருகிறதா என்று பாருங்கள். படிக்கட்டு வந்தால் எல்லா அட்டைக்கும் சாய்வை மாற்றிக் கோத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கட்டமாகச் சில துளைகளை வெறுமையாக விட்டு நெய்யும் முறை, பிறகு மேல் ஊடையில் ஜரிகை. நார்வேயின் ஸ்னார்ட்டெமோவில் 1933-இல் கிடைத்த, வைக்கிங் காலத்துக்கும் முந்திய பட்டை போன்றவற்றில் அட்டைகளை ஒவ்வொன்றாகத் தனித்தனித் திசையில் சுழற்ற வேண்டும். அது ஒரு வருட வேலை, இப்போது அதைத் தொட வேண்டாம்.

பாவின் கடைசி 40, 50 செ.மீ. நெய்ய முடியாது, வாய் திறக்க இடமிருக்காது. முறுக்கிலும் கொஞ்சம் நீளம் போகும். 2 மீட்டர் பாவில் ஒன்றேகால் மீட்டர் பட்டை கிடைத்தால் நல்ல கணக்கு. இரு முனையிலும் நூல்களை நான்கு நான்காக முடிந்து வெட்டுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, சமமாகப் படுக்கவைத்துக் காயவிடுங்கள், சின்னச் சின்ன மேடுபள்ளங்கள் தானே அமரும். 12 சீட்டையும் எண் வரிசையில் அடுக்கி, ஒரு துளை வழியாக நூல் கோத்துக் கட்டி வையுங்கள். மீதி 40 சீட்டையும் வெட்டித் துளையிட்டுவிடலாம். அடுத்த பட்டைக்கு இருபதாவது கேட்கும்.